வாடகை வீடும் குறுந்தகவலும்: தகவல் சொல்லலாம், காலி செய்யச் சொல்லலாமா?

புதுதில்லி: தில்லியின் துவாரகாவிலோ பட்பட்கஞ்சிலோ அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் அவர்களது செல்போனுக்கு நான்கு குறுந்தகவல்கள் வருகின்றன.

காலை 6 மணிக்குக் குடியிருப்போர் சங்கத்திடமிருந்து முதல் தகவல்: "மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை தண்ணீர் வராது." பிற்பகலில் வீட்டு உரிமையாளரிடமிருந்து இரண்டாவது: "நாளை மாலை வீட்டைக் காட்டுவதற்காக ஆட்களுடன் வருகிறேன்." மாலையில் அவரிடமிருந்தே மூன்றாவது: "மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்கவும்." இரவில், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து நான்காவது: "மின் கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணைத் தொடர்புகொள்ளவும்."

செல்போன் திரையில் நான்கும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன. ஆனால் சட்டத்தின் தராசில் நான்கின் எடையும் வெவ்வேறு. முதலாவது வெறும் தகவல். இரண்டாவது முன்னறிவிப்பு. மூன்றாவது, ஒரு குடும்பத்தின் கூரையையே அசைக்கும் நோட்டீஸ். நான்காவது, பெரும்பாலும் மோசடி.

வாடகை வீடு தேடுவதிலிருந்து அதைக் காலி செய்வது வரை இன்று அனைத்தும் செல்போன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆனால் எந்தத் தகவலுக்குக் கட்டுப்பட வேண்டும், எதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது வீட்டு உரிமையாளர்களுக்கும் தெளிவாகத் தெரிவதில்லை, வாடகைதாரர்களுக்கும் தெரிவதில்லை. இந்தத் தெளிவின்மைக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் வாடகைதாரர்களே.

காவலாளியின் பதிவேட்டிலிருந்து...

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முன்பெல்லாம் செய்தி பரவிய விதமே வேறு. மாடிப்படியின் அடியில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். பொதுக்குழுக் கூட்டம், பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் வரும் நேரம் ஆகியவை அதில் ஒட்டப்படும். முக்கியமான செய்தியாக இருந்தால், காவலாளி பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கி வருவார். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சி.

2000-ஆம் ஆண்டில் ஷீலா தீட்சித் தலைமையிலான தில்லி அரசு தொடங்கிய "பாகிதாரி" திட்டம், குடியிருப்போர் நலச் சங்கங்களை அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான பாலமாக ஆக்கியது. தண்ணீர், மின்சாரம், துப்புரவு என ஒவ்வொரு துறையின் செய்தியையும் குடியிருப்பவர்களிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு சங்கச் செயலர்களின் தோளில் ஏறியது. ஏறத்தாழ அதே காலகட்டத்தில்தான் செல்போனும் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. அழைப்புக் கட்டணம் அதிகமாக இருந்த அந்நாள்களில் குறுந்தகவல் சிக்கனமான வழியாக அமைந்தது.

குறுந்தகவலுக்கென்று சில இயல்புகள் உண்டு. ஆங்கில எழுத்துகளில் எழுதினால் ஒரு தகவலில் 160 எழுத்துகள் வரை அடங்கும். ஹிந்தியிலோ தமிழிலோ எழுதினால் இந்த அளவு 70-ஆகக் குறைந்துவிடும். அதற்கு மேல் சென்றால் தகவல் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தனித் தகவலாகக் கணக்கிடப்படும். ஹிந்தி வாசகங்களை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பழக்கம் தில்லியில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு இயல்பு, இணைய வசதி தேவையில்லை என்பது. பெறுபவரின் செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும், சேவை நிறுவனத்தின் மையத்தில் தகவல் குறிப்பிட்ட காலம் வரை காத்திருந்து, போன் இயங்கத் தொடங்கியதும் வந்து சேரும். பொத்தான்கள் கொண்ட சாதாரண செல்போனுக்கும் வரும். படங்களும் குழு உரையாடல்களும் "வாட்ஸ்ஆப்"புக்கு மாறிவிட்ட பின்னரும், வங்கிகளும் அரசுத் துறைகளும் குறுந்தகவலைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

300 வீடுகள், 100 தகவல்கள்

குடியிருப்போர் சங்கங்களின் இந்த எளிய வசதிக்கு ஒரு கட்டத்தில் சோதனை ஏற்பட்டது. விளம்பரத் தகவல்களின் தொல்லை பெருகியதையடுத்து, 2007-இல் "தொந்தரவு செய்யாதீர்" பதிவேட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) அறிமுகப்படுத்தியது. அது போதிய பலனளிக்காததால், 2010 டிசம்பரில் கடுமையான புதிய விதிமுறைகளை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 27-இல் அவை நடைமுறைக்கு வந்தன.

அதன்படி, ஒரு சிம் கார்டிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுந்தகவல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. விளம்பரதாரர்கள் சாதாரண எண்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால் 300 வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கச் செயலர், வீட்டுக்கு ஒன்று எனத் தகவல் அனுப்ப முயன்றால் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு மட்டுமே அனுப்ப முடியும். எதிர்ப்பு எழுந்ததால், அடுத்த சில வாரங்களிலேயே இந்த வரம்பு 200-ஆக உயர்த்தப்பட்டது.

இவ்விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வணிக நோக்கமற்ற தனிப்பட்ட தகவல்களுக்கு இத்தகைய உச்சவரம்பு விதிப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என்று கூறி, 2012 ஜூலையில் அந்த வரம்பை நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வேளையில், வணிக நோக்கிலான மொத்தத் தகவல்கள் மீதான கட்டுப்பாட்டில் அது தலையிடவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் டிராய் வேறு வழியைக் கையாண்டது. நாளொன்றுக்கு 100-க்கு மேற்பட்ட ஒவ்வொரு தகவலுக்கும் குறைந்தபட்சம் 50 காசு கட்டணம் என்று நிர்ணயித்தது. இந்தக் கட்டண விதி 2020-இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இந்தக் கட்டுப்பாடுகளின் வரலாற்றில் மறக்க முடியாத அத்தியாயம் 2012 ஆகஸ்ட். அஸ்ஸாம் வன்முறையைத் தொடர்ந்து, வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்ற வதந்தி குறுந்தகவல்கள் மூலம் பரவியது. பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் வேலைக்காகவும் படிப்புக்காகவும் தங்கியிருந்த பல்லாயிரக்கணக்கானோர் அவசர அவசரமாக ஊர் திரும்பினர். பெங்களூரிலிருந்து குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் இயக்கப்பட்டன. மொத்தத் தகவல்களுக்கு 15 நாள்கள் தடை விதித்த மத்திய அரசு, ஒருவர் ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தகவல் அனுப்பக் கூடாது என்று உத்தரவிட்டது. பின்னர் இந்த எண்ணிக்கை 20-ஆகத் தளர்த்தப்பட்டது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு வரி, வாடகை அறைகளில் வாழ்ந்தவர்களை ஒரே இரவில் ரயில் நிலையத்துக்கு விரட்டியது. அனுப்பியவர் யார் என்று அறிய முடியாத தகவலின் ஆபத்தை நாடே உணர்ந்த தருணம் அது.

வீடு தேடுவோரின் கதை

குடியிருப்பவர்களின் நிலை இதுவென்றால், வாடகைக்கு வீடு தேடுவோரின் அனுபவம் வேறு விதமானது. தில்லியில் வீடு தேடுவது என்றால் முன்பெல்லாம் தெருமுனையில் உள்ள "பிராப்பர்ட்டி டீலர்" கடையில் போய் உட்காருவதுதான். அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து நான்கு வீடுகளையும், மொட்டைமாடியில் உள்ள ஒரு "பர்சாத்தி"யையும் காட்டுவார். பேச்சு முடிந்தால் தரகுக் கட்டணம். இப்போது அந்தச் சுற்று செல்போனிலேயே முடிந்துவிடுகிறது. படுக்கையறை எத்தனை, எந்தத் தளம், வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எப்போது பார்க்கலாம் என்பன எல்லாம் இரண்டு வரிகளில் வந்து விழுகின்றன.

இதனால் நேரமும் அலைச்சலும் மிச்சம் என்பதில் ஐயமில்லை. தென்மாநிலங்களிலிருந்து வேலை கிடைத்துத் தில்லிக்கு வரும் இளைஞர், ஹிந்தியில் பேரம் பேசத் தடுமாறினாலும், எழுத்தில் கேள்வி கேட்டு எழுத்தில் பதில் பெற முடிகிறது. வாய்ப்பேச்சாக இருந்தால் பின்னர் மறுக்கப்படக்கூடிய வாடகைத் தொகை, எழுத்தில் நின்றுவிடுகிறது.

ஆனால் ஒருமுறை எண்ணைக் கொடுத்துவிட்டால், வீடு கிடைத்த பிறகும் தகவல்கள் நிற்பதில்லை. நொய்டாவில் மனை, குருகிராமில் புதிய குடியிருப்பு என்று விளம்பரங்கள் தொடர்கின்றன. டிராய் விதிமுறைகளில் நுகர்வோர் தனித்தனியாகத் தடுக்கக்கூடிய விளம்பர வகைகளுள் வங்கி மற்றும் காப்பீட்டுக்கு அடுத்து இரண்டாவதாக இடம்பெற்றிருப்பது வீடு, மனை வணிகம் என்பது குறிப்பிடத்தக்கது. 1909 என்ற எண்ணுக்குத் தகவல் அனுப்பியோ, அழைத்தோ அந்த வகையைத் தடுக்கலாம்; புகாரும் செய்யலாம்.

2018-இல் விதிமுறைகள் மீண்டும் மாற்றியமைக்கப்பட்டன. மொத்தமாகக் குறுந்தகவல் அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னையும், தனது அனுப்புநர் பெயரையும், அனுப்பவுள்ள வாசகத்தின் மாதிரியையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மின்னணுப் பேரேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 2021 மார்ச்சில் இது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, பதிவு செய்யப்படாத வாசகங்கள் தடுக்கப்பட்டு, வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொற்கள்கூட நாடு முழுவதும் தடைப்பட்டன. அதனால் டிராய் சில நாள்கள் அவகாசம் அளிக்க நேர்ந்தது.

பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு இந்தப் பதிவு பொருட்டல்ல. ஆனால் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் மாலை நேரத்தில் நடத்தும் சிறிய குடியிருப்போர் சங்கங்களுக்கு இது சுமை. அத்தகைய சங்கங்களுக்கு "வாட்ஸ்ஆப்" குழுவே எளிய மாற்றாகிறது. சிறு தரகர்களோ சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்தே விளம்பரம் அனுப்பினால், விதிமீறலுக்காக இணைப்பை இழக்க நேரிடும். பதிவு பெறாமல் விளம்பரம் செய்வோரின் இணைப்புகளைத் துண்டித்து, இரண்டாண்டுகள் வரை கருப்புப் பட்டியலில் வைக்குமாறு 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட்டது.

இதில் இன்னோர் இடைவெளியும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் வீடு, மனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் "விளம்பரம்" என்பதற்கு எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும் பொருந்தும் வகையில் விரிவான விளக்கம் அளித்துள்ளது. ஆகவே, குறுந்தகவலில் கட்டுமான நிறுவனம் அளிக்கும் வாக்குறுதியும் அதற்குள் அடங்கும். ஆனால் அச்சட்டத்தின் பார்வை விற்பனையை நோக்கியது. வீடு வாங்குபவருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, வாடகைக்கு வருபவருக்குக் கிடைப்பதில்லை.

தூண்டிலாகும் தகவல்

வீடு தேடுபவரின் அவசரமும் வீட்டு உரிமையாளரின் ஆர்வமும் மோசடிக்காரர்களுக்கு மூலதனமாகிவிட்டன. இணையத்தில் வீட்டு வாடகை விளம்பரம் கொடுத்த உரிமையாளரைத் தொடர்புகொண்டு, தான் ராணுவத்திலோ துணை ராணுவப் படையிலோ பணியாற்றுவதாகவும், இடமாற்றத்தில் வருவதால் வீட்டை நேரில் பார்க்க முடியவில்லை என்றும் கூறி, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லிச் "கியூஆர்" குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்வது பல நகரங்களில் பதிவான மோசடி. ஸ்கேன் செய்தால் பணம் வராது; போகும்.

மறுபுறம், இல்லாத வீட்டின் படத்தைக் காட்டி, "பலர் கேட்கிறார்கள், முன்பணம் அனுப்பினால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்று வீடு தேடுவோரிடம் பணம் பறிப்பதும் நடக்கிறது. 2022-இல் நாடு முழுவதும் பரவிய மின் இணைப்புத் துண்டிப்புத் தகவல் இன்னொரு வகை. மின் கட்டணத்தை உரிமையாளர் கட்டினாரா, தாம் கட்ட வேண்டுமா என்ற குழப்பத்தில் இருக்கும் வாடகைதாரர்கள், இரவு நேர இருட்டுக்கு அஞ்சி அந்த எண்ணை அழைத்துவிடுவது எளிது.

இதைத் தடுக்கச் சில ஏற்பாடுகள் வந்துள்ளன. முன்கூட்டியே பதிவு செய்யப்படாத இணைய முகவரிகள் கொண்ட வணிகத் தகவல்கள் 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கப்படுகின்றன. 2025-இல் திருத்தப்பட்ட விதிமுறையின்படி, நிறுவனங்களின் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து இடம்பெறுகிறது. விளம்பரமெனில் "பி", சேவைத் தகவலெனில் "எஸ்", பரிவர்த்தனையெனில் "டி", அரசுத் தகவலெனில் "ஜி". மின் விநியோக நிறுவனத்தின் பெயரால் ஒரு பத்து இலக்கத் தனி எண்ணிலிருந்து மிரட்டல் வந்தால், அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்வது அவசியம்.

காலி செய்யச் சொல்லலாமா?

இனி, மூன்றாவது தகவலுக்கு வருவோம். "மாத இறுதிக்குள் காலி செய்யவும்" என்ற ஒற்றை வரிக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு?

தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது. மாத வாடகை ரூ.3,500-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு அது பொருந்தாது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் 1995-இல் நிறைவேற்றிய தில்லி வாடகைச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும், வணிகர்களின் எதிர்ப்பால் ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை. எனவே தலைநகரின் பெரும்பாலான அடுக்குமாடி வாடகைதாரர்களுக்கு இன்று காவலாக இருப்பவை, அவர்களது ஒப்பந்தமும், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும்தான்.

அந்தப் பழைய சட்டத்தின் 106-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், மாத வாடகைக்கு விடப்பட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்ல 15 நாள் நோட்டீஸ் தேவை. அது எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பில் மற்றவரோ அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அஞ்சலில் அனுப்பப்பட வேண்டும். அல்லது உரியவரிடமோ, அவரது இல்லத்தில் குடும்பத்தினரிடமோ பணியாளரிடமோ நேரில் தரப்பட வேண்டும். அதுவும் இயலாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் பகுதியில் ஒட்டப்பட வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டியதை மின்னணு வடிவிலும் தரலாம் என்று ஏற்கிறது. ஆனால் கையெழுத்துக்குப் பதிலாக அச்சட்டம் ஏற்பது முறைப்படியான மின்னணுக் கையொப்பத்தைத்தான். சாதாரணக் குறுந்தகவலின் கீழே தட்டச்சு செய்யப்பட்ட பெயர் அதுவாகிவிடாது. எனவே, குறுந்தகவலை மட்டும் நம்பிக் காலி செய்யும் நோட்டீஸ் கொடுத்துவிட்டதாகக் கருதும் உரிமையாளர் பலவீனமான தரையில் நிற்கிறார். அதைக் கண்டு அஞ்சி மூட்டை கட்டும் வாடகைதாரரும் தமது உரிமையை அறியாதவராகிறார்.

முறையான நோட்டீஸ் தந்த பிறகும்கூட, வாடகைதாரர் வெளியேற மறுத்தால் உரிமையாளர் நாட வேண்டியது நீதிமன்றத்தையே. பூட்டை உடைத்து வெளியேற்றப்பட்டால், ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் குடியேறும் வழியைக் குறித்த பரிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு அளிக்கிறது.

இரண்டாவது தகவலின் நிலை வேறு. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், உரிமையாளர் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலமோ மின்னணு வழியாகவோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற அவசர நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, ஓர் எளிய குறுந்தகவலுக்கு அச்சட்டம் முதல்முறையாகத் தெளிவான இடம் அளித்துள்ளது. அதே சட்டம்தான் குடியிருப்புகளுக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்கு மிகாமல் கட்டுப்படுத்தவும் வகை செய்கிறது.

ஆனால் நிலமும் வாடகையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மாதிரிச் சட்டம் தானாக நடைமுறைக்கு வராது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்க வேண்டும். தில்லியை ஒட்டியுள்ள நொய்டாவுக்குப் பொருந்தும் வகையில் உத்தரப் பிரதேசம் 2021-இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகம் அதற்கு முன்னதாகவே 2017-இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் குறித்த சட்டத்தை இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. யமுனையின் ஒரு கரையில் ஒரு சட்டம், மறு கரையில் வேறு சட்டம் என்பதே தலைநகர் வட்டாரத்தில் வாடகைக்கு வசிப்போரின் நிலை.

அழிக்கக் கூடாத ஆதாரம்

நோட்டீஸாகப் போதாத குறுந்தகவல், ஆதாரமாகப் பயன்படும் என்பதுதான் பலர் அறியாத மறுபக்கம். "வாடகை கிடைத்தது", "முன்பணத்தில் ரூ.5,000 பிடித்துக்கொள்கிறேன்", "குளியலறைக் கசிவைச் சரிசெய்து தருகிறேன்" என்பன போன்ற வரிகள் வழக்கு என்று வந்தால் பேசும்.

மின்னணுத் தகவல்களை நீதிமன்றங்கள் நீண்ட காலமாகவே ஏற்று வருகின்றன. 2018-இல் மும்பை உயர் நீதிமன்றம், ஒரு கடன் வசூல் வழக்கில் "வாட்ஸ்ஆப்" வழியாக அனுப்பப்பட்ட நோட்டீஸ், சென்று சேர்ந்து திறந்து பார்க்கப்பட்டதை அதன் குறியீடுகள் காட்டுவதாகக் கூறி ஏற்றுக்கொண்டது. கொரோனா பரவல் காலத்தில், 2020 ஜூலையில், நோட்டீஸ்களை மின்னஞ்சல் மற்றும் உடனடித் தகவல் சேவைகள் வழியாகவும் அனுப்ப உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இவை நீதிமன்ற நடவடிக்கைகள் தொடர்பானவை. 106-ஆவது பிரிவின் கீழ் உரிமையாளர் தர வேண்டிய நோட்டீஸின் வடிவத்தை மாற்றியவை அல்ல.

ஆதாரமாகத் தாக்கல் செய்வதற்கும் முறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தரும்போது அதற்குரிய சான்றிதழையும் தர வேண்டும். திரைப் படத்தை அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. ஆனால் தகவல் உள்ள செல்போனையே அதன் உரிமையாளர் சாட்சியாக வந்து நீதிமன்றத்தில் முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்று, முந்தைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020-இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே, வீட்டைக் காலி செய்து முன்பணம் முழுவதும் கைக்கு வரும் வரை பழைய தகவல்களை அழிக்காமலும், போனை விற்காமலும் வைத்திருப்பது நல்லது.

விடுபட்டுப் போகிறவர்கள்

எல்லாமே செல்போனுக்குள் சென்றுவிட்டதால் சிலர் வெளியே நிற்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வசிக்கும் முதியவர்களில் பலர் இன்னமும் சாதாரண செல்போனையே வைத்துள்ளனர். "வாட்ஸ்ஆப்" குழுவில் லிஃப்ட் பழுது என்று அறிவிக்கப்பட்டது தெரியாமல், மருந்துக்காகக் கீழே இறங்கிச் சென்றுவிட்டு ஏழாவது மாடிக்கு ஏற முடியாமல் நிற்கும் நிலை அவர்களுக்கு ஏற்படக்கூடும். சங்கத்தின் பட்டியலில் உரிமையாளரின் எண் மட்டும் இருந்தால், வேறு நகரில் இருக்கும் அவருக்குத்தான் தண்ணீர் நிறுத்தத் தகவல் போகும்; குழாயைத் திறந்து பார்த்து ஏமாறுபவர் வாடகைதாரர்.

எண்களின் பாதுகாப்பு இன்னொரு கவலை. நுழைவாயில் பதிவேட்டில் விருந்தினர் தொடங்கி வீட்டுப் பணிப்பெண் வரை அனைவரின் செல்போன் எண்களும் பதிவாகின்றன. தனியே வசிக்கும் பெண்களின் எண்கள் குடியிருப்பின் பொதுக் குழுவில் எல்லோர் பார்வைக்கும் கிடைக்கின்றன. வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆதார் அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லும் தரகர்களும் உண்டு. வாடகைதாரர் விவரங்களைக் காவல் துறையிடம் பதிவு செய்வது தில்லியில் கட்டாயம் என்பது உண்மையே. ஆனால் அது வீடு முடிவான பின்னர் செய்ய வேண்டியது. அடையாளத்துக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுக்கலாம்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே தகவல்களைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைக்கப்பட்டுள்ளன. வீடு தேடுவதற்காகக் கொடுத்த எண் மனை விற்பனைக்குக் கைமாறும் வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைக்குமா என்பது, சட்டம் எவ்வாறு செயல்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

இத்தனை சிக்கல்களில் பலவற்றை வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் ஒரே ஒரு பத்தி தீர்த்துவிடக்கூடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், பெரும்பாலான ஒப்பந்தங்கள் 11 மாதங்களுக்கே எழுதப்படுகின்றன. கடைகளில் கிடைக்கும் அச்சடித்த படிவத்தில் பெயரையும் தொகையையும் நிரப்புவதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர்.

அதில் இரு தரப்பினரின் செல்போன் எண்களையும் குறிப்பிட்டு, பழுது பார்த்தல், வீட்டைப் பார்வையிட வருதல், வாடகை பெற்றதை உறுதி செய்தல் ஆகியவற்றுக்குக் குறுந்தகவல் போதும் என்றும், வாடகை உயர்வு, காலி செய்தல், முன்பணக் கழிவு ஆகியவற்றுக்குக் கையெழுத்திட்ட கடிதம் தேவை என்றும் எழுதிக்கொள்ளலாம். எண் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். குடியிருப்போர் சங்கங்கள் உரிமையாளர் எண்ணோடு வாடகைதாரர் எண்ணையும் பட்டியலில் சேர்க்கலாம். முதியவர்களுக்காக அந்தப் பழைய அறிவிப்புப் பலகையையும் அகற்றாமல் வைத்திருக்கலாம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்பம் செய்ய வேண்டியதும் இதுதான். முதல் தகவலைக் கண்டதும் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். இரண்டாவதற்கு, வசதியான நேரத்தைக் குறிப்பிட்டு எழுத்திலேயே பதில் அனுப்ப வேண்டும். மூன்றாவதற்கு, பதற்றமின்றி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, எழுத்துப்பூர்வமான நோட்டீஸைக் கோர வேண்டும். நான்காவதற்குப் பதிலே அனுப்பக் கூடாது. மின் கட்டண ரசீதைச் சரிபார்த்தால் போதும்.